குரைக்க ஓர் ஆள் தேவை

பொட்டலூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த நால்வரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். மூத்தவர் தளவாய். அடுத்து மாசானம், அதற்கடுத்து வீரபாகு, கடைசி கொம்பையா. யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், உட்காருவார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள், காபி வருவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

கடையில் அண்டா, குண்டான், பந்தல் துணி, மைக்செட் எல்லாம் இருந்தன. காவலுக்கு நாய்தான் இல்லை. ஆகவே தெரியாத ஆள் யாராவது கேட்டில் கை வைத்தால் வீரபாகு குரைப்பான். ஏழு வருடம் குறை சொல்ல முடியாதபடி குரைத்தான். போன தை மாதம் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் பேசக் கூடாது என்றார்.

"குரைக்கலாமா டாக்டர்?" என்று தளவாய் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அதுவும் கூடாது என்றார்.

அன்று முதல் வீரபாகு எல்லாவற்றையும் கைச்சாடையில் சொன்னான். நால்வரில் விவரமானவன் அவன்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியதும் அதற்குப் பிறகுதான்.

நாய் வாங்குவது என்று முடிவாயிற்று. மாசானத்துக்கு லாப்ரடார்தான் வேண்டும். கொம்பையாவுக்குச் சிப்பிப்பாறை. இரண்டு வாரம் இதே சண்டை. கடைசியில் பக்கத்து டவுனில் ஜெபராணி டீச்சர் வீட்டில் இரண்டும் கலந்த குட்டிகள் இருப்பதாகத் தகவல் வந்தது. டீச்சர் ரிட்டயர் ஆனவர். கேட்டவருக்கெல்லாம் குட்டியைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. போனிலேயே சொல்லிவிட்டார்: "வீட்டுல இருக்கிற எல்லாரும் வரணும். எல்லாரையும் பார்த்துப் பேசாம நான் குட்டி தர்றதில்லை."

மறுநாள் லோடு ஆட்டோவில் நால்வரும், இரண்டு ஆடும், ஏழு கோழியும், ஒரு பிளம்பரும் போய் இறங்கினார்கள். பிளம்பர் காலையில் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். கிளம்பும் நேரத்தில் அவரும் வீட்டில்தான் இருந்தார். "எனக்கு எதுக்குய்யா நாய்?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

டீச்சர் வாசலில் நின்று ஆடுகளைப் பார்த்தார். முப்பது வருடம் ஒன்பதாம் வகுப்பு எடுத்தவர். நோட்டைத் திறந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"நாய் வளர்த்து அனுபவம் உண்டா?"

"வளர்த்ததில்லை டீச்சர். குரைச்ச அனுபவம் உண்டு," என்று தளவாய் வீரபாகுவை முன்னால் தள்ளினார்.

"பகல்ல வீட்டுல ஆள் இருப்பாங்களா?"

"எப்பவும் இருப்போம். இன்னைக்கு மட்டும்தான் யாரும் இல்லை. நீங்க எல்லாரையும் வரச் சொல்லிட்டிய."

"சரி. எதுக்குக் குட்டி வேணும்?"

இதற்கு மூன்று பேரும் யோசித்தார்கள். கொம்பையா மட்டும் கூண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு, "கூட வச்சிக்கிடறதுக்கு டீச்சர்," என்றான். டீச்சர் நோட்டில் முதல் முறையாக ஒரு டிக் போட்டார்.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது என்று சொல்லித் தாய் தகப்பன் இரண்டையும் காட்டினார். தாய் லாப்ரடார் நடுக்கூடத்தில் சாக்கு மூட்டை மாதிரிப் படுத்திருந்தது. தகப்பன் சிப்பிப்பாறை காம்பவுண்டைச் சுற்றி நாலு தடவை ஓடி முடித்து ஐந்தாவது தடவைக்குக் கிளம்பியது.

மாசானம் முகம் வாடினான். "டீச்சர், ஒரு சந்தேகம். குட்டி பாதி அது, பாதி இதுதானே?"

"ஆமா."

"முன்பாதி ஓடி, பின்பாதி படுத்துக்கிட்டா நடுவுல என்ன செய்யும்?"

டீச்சர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"எல்லாரும் தரையில உட்காருங்க. அசையாதீங்க. நீங்க குட்டியைப் பிடிக்கப் போகாதீங்க. அதுவே வந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும்."

தளவாய் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து முதலில் தன் தலையையும் பிறகு தம்பிகள் தலையையும் வாரிவிட்டார். பிளம்பருக்கும் வாரினார். ஆறு குட்டிகள் வெளியே வந்தன. ஐந்து குட்டிகள் ஆட்டைப் பார்க்கப் போயின. வெள்ளைக் காலும் சந்தன நிறமுமாக இருந்த ஒரு குட்டி நேரே வந்து கொம்பையாவின் பாதத்தின் மேல் உட்கார்ந்து, கொட்டாவி விட்டது. கொம்பையா மூச்சு விடவில்லை. விட்டால் அசைந்ததாகிவிடும். முகம் நீலமாகிற நேரத்தில் டீச்சர்தான் பார்த்துவிட்டு, "மூச்சு விடலாம்," என்றார்.

கிளம்பும்போது அறிவுரைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முக்கியமானதை வாயாலும் சொன்னார்.

"இன்னைக்கோட எட்டு வாரம் முடியுது. அதுக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிச்சா பாவம். எட்டு தாண்டியும் தாய் மடியிலேயே கிடந்தா குட்டி கெட்டுப்போகும். பிரிச்சே ஆகணும். இந்தத் துணியில தாய் வாசனை இருக்கு, பக்கத்துல போடுங்க. முதல்ல ரெண்டு ராத்திரி அழும். ஓடிப்போய்த் தூக்கிறாதீங்க, தானா பழகிரும். பத்தாம் நாள் நான் வந்து பார்ப்பேன். ஒட்டலைன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்திருவேன்."

கொம்பையாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. ஊர் வந்து சேரும்வரை குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "பத்தாம் நாள் வாறாவளாம்," என்று அதனிடமே சொல்லிக்கொண்டு வந்தான். கடையில் விலை உயர்ந்த சாமான் எதுவோ அதன் பெயரையே வைக்க வேண்டும் என்று தளவாய் சொன்னதால், குட்டிக்கு அண்டா என்று பெயரிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தளவாய் தாளைப் பிரித்து வாசித்தார். "குட்டி கடிக்கிற எதையும் எட்டாத உயரத்தில் வைக்கவும்."

அண்டா செருப்பைக் கடித்தது. செருப்பு பரணுக்குப் போயிற்று. துடைப்பத்தைக் கடித்தது. துடைப்பம் போயிற்று. நாற்காலி, மிதியடி, தளவாயின் குடை எல்லாம் ஏணி வழியாக மேலே ஏறின. அதன் பிறகு அண்டா மாசானத்தின் கால் கட்டைவிரலைக் கடித்தது.

எல்லாரும் மாசானத்தைப் பார்த்தார்கள்.

"ஏறுல," என்றார் தளவாய்.

மாசானம் ஏறினான். அவன் ஏறி முடிக்கும்போது அண்டா ஏணியின் காலைக் கடித்தது. ஏணியையும் அவனே மேலே இழுத்துக்கொண்டான்.

அடுத்த வரி: "முதல் பத்து நாள் புது ஆட்கள் யாரையும் குட்டியின் கண்ணில் காட்ட வேண்டாம்."

தளவாய் தாளை மடித்தார். "ஏலே, குட்டி நம்மள எப்பப் பாத்துச்சு?"

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி," என்றான் கொம்பையா.

"அப்ப நாமெல்லாம் யாரு?"

வீரபாகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், பிறகு வாசலைக் காட்டினான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தளவாயும் அவனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறி, முற்றத்தில் கல்யாணப் பந்தல் ஒன்றைப் போட்டுக் குடியேறினார்கள். மாசானம் பரணில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததால் பிரச்சினை இல்லை. கொம்பையாவைக் குட்டியே தேர்ந்தெடுத்தது, டீச்சரே சாட்சி. ஆகவே அவன் புது ஆள் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

அன்று இரவு அண்டா அழுதது. தூக்கக் கூடாதே என்று கொம்பையா மூலையில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுவதைக் கேட்டு மாசானம் பரணில் அழுதான். என்னமோ ஏதோ என்று தளவாய் பந்தலில் அழுதார். வீரபாகு மட்டும் டாக்டர் சொன்னபடி சத்தம் இல்லாமல் அழுதான்.

காலையில் ஜன்னல் வழியாக ஆலோசனை நடந்தது.

"துணியைப் போட்டியா?"

"போட்டேன் அண்ணாச்சி. மோந்து பாத்துட்டு, துணியைத் தூக்கித் தூக்கி அடியில பாக்குது. தேடுது."

"என்னத்தை?"

பரணிலிருந்து மாசானம் பேசினான். "தாய் வாசனை வருது, தாயைக் காணோம். துணிக்குள்ள ஒரு ஆள் வேண்டாமா?"

இதை முன்பே யோசிக்காமல் போனதற்காக எல்லாரும் வருந்தினார்கள். கொம்பையா துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் ஒருக்களித்துப் படுத்தான். அண்டா வந்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, அவன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிப்போயிற்று. கொம்பையாவும் எழுந்திருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த எட்டு நாளும் குட்டியை வெளியே கூட்டிப் போகும் நேரம் தவிர அவன் எழுந்திருக்கவில்லை.

வெளியே கூட்டிப் போவதற்கும் தாளில் விதி இருந்தது. "ஒரே இடத்துக்குக் கூட்டிப் போகவும். முடித்த உடனே பாராட்டவும்."

இது ஒன்றுதான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அந்த வட்டாரத்தில் எந்தப் பாராட்டு விழா என்றாலும் மைக்செட் அவர்களுடையதுதான். மைக்கைக் கயிற்றில் கட்டிப் பரணுக்கு அனுப்பினார்கள். ஓட்டு இடைவெளியில் கண்ணை வைத்து மாசானம் காத்திருந்தான். வேப்பமரத்தடியில் அண்டா காரியத்தை முடித்ததும் அவன் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"ஹலோ, ஹலோ. இன்று காலை ஆறு இருபது மணியளவில், வேப்பமரத்தின் மேற்குப் பக்கத்தில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தன்னுடைய சொந்த முயற்சியால் இந்த அரிய காரியத்தைச் செய்து முடித்திருக்கும் அன்புத் தம்பி அண்டா அவர்களை வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்."

கொம்பையா ஒரு துண்டை எடுத்துக் குட்டிக்குப் போர்த்தினான். ஒரு நாளைக்கு எட்டுப் பாராட்டு, எட்டுத் துண்டு. நாலாம் நாளிலிருந்து "ஹலோ, ஹலோ" என்ற சத்தம் கேட்டாலே அண்டா வேப்பமரத்துக்கு ஓடியது. அடுத்த தெருவில் ஒரு காதுகுத்து வீட்டில் மைக் டெஸ்ட் பண்ணியபோதும் ஓடியது.

பத்தாம் நாள் டீச்சர் வந்தார்.

முற்றத்தில் பந்தல். பந்தலுக்குள் இரண்டு பேர் ஒரு போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு சாமான் இல்லை. தலைக்கு மேலே நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தாடி வளர்ந்த ஒரு முகம் வணக்கம் சொன்னது. தரையில் கொம்பையா கிடந்தான். அவன் வயிற்றோடு வயிறாக அண்டா உறங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் குட்டியைத் தூக்கி ஈறு பார்த்தார், காது பார்த்தார், வயிற்றைத் தடவினார், எடை போட்டார். கொம்பையா உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பரணில் மாசானம் பதற்றத்தில் மைக்கைத் தட்டி "ஹலோ" என்றான். குட்டி டீச்சரின் கையிலிருந்து குதித்து, வேப்பமரத்தடிக்கு ஓடி, காரியத்தை முடித்துவிட்டுத் துண்டுக்காகக் காத்து நின்றது.

"பத்து நாள்லயா?" டீச்சர் உண்மையாகவே அசந்துபோனார். "இருபது வருஷமா குட்டி கொடுக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் ஒட்டின குட்டியைப் பார்த்ததில்லை. கொம்பையாவைத் தன் தாயாவே ஏத்துக்கிட்டிருக்கு. குட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். பந்தல்ல இருக்கிற ரெண்டு பேரும் உள்ள வாங்க. அந்த மனுஷனை முதல்ல கீழ இறக்குங்க."

அவர் போன பிறகு மாசானம் இறங்கினான். கொம்பையா குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். தளவாய் மட்டும் சிரிக்கவில்லை. தாளைக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சர் இப்ப என்னல சொன்னாவ?"

"குட்டி நம்மகிட்டயே இருக்கட்டும்னு, அண்ணாச்சி," என்றான் மாசானம்.

"அதுக்கு முன்னாடி?"

"கொம்பையாதான் தாய்னு."

"குட்டிக்கு இப்ப வயசு என்ன?"

மாசானம் விரல் விட்டு எண்ணினான். "ஒன்பது வாரமும் மூணு நாளும்." சொல்லி முடித்ததும் அவன் முகம் வெளுத்தது. "அய்யோ, அண்ணாச்சி!"

"எட்டு முடிஞ்சா தாயைப் பிரிச்சே ஆகணும். இல்லன்னா குட்டி கெட்டுப்போகும். அவ்வொ வாயாலயே சொன்னது."

கொம்பையா குட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டான். கடைசியில் வீரபாகு கொம்பையாவைக் காட்டினான், பிறகு லோடு ஆட்டோவைக் காட்டினான்.

கொம்பையா வெகுநேரம் குட்டியையே பார்த்தான். "பாவம், அது கெட்டுப்போயிரக் கூடாதுல்லா," என்று சொல்லி அதைத் தளவாயின் கையில் கொடுத்துவிட்டு, தானே போய் வண்டியில் ஏறினான்.

மறுநாள் காலை ஜெபராணி டீச்சர் வாசலைத் திறந்தபோது லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

"என்னப்பா, குட்டிக்கு ஏதும் ஆயிருச்சா?"

"குட்டி சுகமா இருக்கு டீச்சர். வீரபாகு பாத்துக்கிடுதான். நீங்க சொன்ன மாதிரியே தாயைப் பிரிச்சிட்டோம்," என்றார் தளவாய்.

மாசானம் கொம்பையாவை மெல்ல இறக்கி, வராந்தாவில் காற்று படாத இடமாகப் பார்த்து உட்கார வைத்தான். பக்கத்தில் அண்டாவின் வாசனை இருந்த துண்டு ஒன்றைப் போட்டான். தளவாய் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கு. எங்ககிட்ட என்ன சாப்பிட்டானோ அதையே கொடுங்க, காலையில ஆறு இட்லி. சட்டுனு மாத்தினா வயித்துக்கு ஆகாது. முதல்ல ரெண்டு ராத்திரி அழுவான். ஓடி வந்து தூக்கிறாதீங்க, தானா பழகிரும்."

டீச்சர் தாளைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் படுத்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. தளவாய் தலையை வெளியே நீட்டிக் கண்டிப்பான குரலில் சொன்னார்:

"பத்தாம் நாள் நாங்க வந்து பாப்போம் டீச்சர். ஒட்டலைன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம்."