நாலாம் பெட்டின் நாடி

என் முதல் சம்பளம் ஆயிரத்து இருநூறு ரூபாய். மூணரை வருஷம் நர்சிங் படித்து, கஞ்சி போட்ட தொப்பியைத் தலையில் குத்திக்கொண்டு நின்றதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். ‘முப்பிடாதி’ என்று என் பெயர் எழுதிய கவரைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்தக் கோபத்தைக்கூட இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஐம்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி அது. ஆண்கள் வார்டுக்கு ஞானசெல்வம் சிஸ்டர் இன்சார்ஜ். குட்டையான உருவம், நடந்தால் செருப்புச் சத்தமே கேட்காது. யூனிபார்மில் ஊக்கு குத்தி ஒரு சின்ன வாட்ச் தொங்கும். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது மொத்தம் நாலு தடவை இருக்கும்.

மூணு மாதம் முடிந்த மறுநாள் காலை, ராஜினாமா லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

“சிஸ்டர், எங்க மாமா வேலை பாக்கிற ஜவுளிக்கடையில பில் போட ஆள் கேக்காங்க. ரெண்டாயிரம் தாராங்களாம். நாளைக்குள்ள சொல்லணும்.”

“சரி.”

“ஆபீஸ்ல என் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க. ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் தருவோம்ங்காங்க. நீங்க சொன்னா தருவாங்க.”

“ஏன் போற?”

“இங்க என்ன இருக்கு சிஸ்டர்? மூணு மாசமாப் பாத்துட்டேன். பெட்ஷீட் மாத்துறது, பெட்பேன் வைக்கிறது, டாக்டர்ட்ட ஏச்சு வாங்குறது. பத்து வருஷம் ஆனாலும் இதேதான். என்னத்தக் காணப்போறேன், நீங்களே சொல்லுங்க.”

அழுதுவிடுவேன் போல இருந்தது. சிஸ்டர் சார்ட்டை என் பக்கம் தள்ளினார்.

“நாலாம் பெட்டுக்கு நாடி பாத்துட்டு வா.”

நான் என்ன கேட்கிறேன், இந்த அம்மா என்ன சொல்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

நாலாம் பெட்டில் ஆண்டியப்பன் என்று ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் ஐந்து தையல். மத்தியானம் வீட்டுக்குப் போகிறவர்.

“வாங்க தாயி. இறங்குற இடம் வந்துட்டுல்லா, இன்னும் என்ன செக்கிங்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்தேன், எண்ணினேன், எழுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

“எப்படி எண்ணுன?” என்று கேட்டார் சிஸ்டர்.

“பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குனேன்.”

எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இருபது பேருக்கு நாடி பார்க்க வேண்டியவள் வேறென்ன செய்வாள்?

சிஸ்டர் எழுந்தார். ஊக்கைக் கழற்றி வாட்சை என் உள்ளங்கையில் வைத்தார். என்னோடு நாலாம் பெட் வரைக்கும் வந்தார்.

“முழு நிமிஷம் எண்ணு.”

எண்ணினேன். பதினைந்து செகண்டில் பதினெட்டு. நான் போட்ட கணக்கு சரிதான். முப்பது செகண்ட் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாற்பதைத் தாண்டியதும் என் விரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அடுத்த துடிப்பு வரவேண்டிய நேரம் சும்மா போனது. பிறகு வந்தது. கொஞ்சம் ஓடி, திரும்பவும் நின்றது. நான் சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தேன்.

“லேசா தலை கிர்ருங்குது தாயி,” என்றார் கண்டக்டர்.

சிஸ்டர் குனிந்து கேட்டார். “அன்னைக்கு வழுக்கித்தான் விழுந்தீங்களா அண்ணாச்சி? இல்ல, இதே மாதிரி கிர்ருன்னுச்சா?”

அவர் யோசித்தார். “தரை காஞ்சுதான் கெடந்துது.”

டாக்டர் வந்தார், ஈசிஜி எடுத்தார். மத்தியானம் ஆட்டோவில் வீட்டுக்குப் போகவேண்டிய மனுஷன் ஆம்புலன்சில் மதுரைக்குப் போனார். ஏறும் முன்னால் அவர் மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூசிப்போனது. எழுபத்திரண்டு என்று எழுதிய கை அது.

ஒரு மாதம் கழித்து, நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கர் மிஷினோடு அவர் வார்டுக்கு வந்து எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். அது பிறகு. அன்றைக்கு ஆம்புலன்ஸ் போனதும் வாட்சைத் திருப்பிக் கொடுக்க சிஸ்டரிடம் போனேன்.

“லெட்டரக் குடு,” என்றார்.

கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

“சம்பளம் கொறச்சல்தான் முப்பிடாதி. அநியாயம்தான். மேனேஜர்ட்ட நான் சண்டை போடாத மாசம் கெடையாது. நீ போறதுன்னா போ. ஒன் சர்டிபிகேட்ட சாயங்காலத்துக்குள்ள நான் வாங்கித் தாரேன். ஒரு புள்ள படிச்ச படிப்பப் பூட்டி வைக்க இவங்க யாரு?”

லெட்டரை மடித்து, வந்த மடிப்பிலேயே என் கையில் வைத்தார். வாட்சை வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போடி. பத்து வருஷம் ஆனாலும் இதேதான்னு சொன்னியே, அத எம்புட்டு எண்ணிட்டுப் பெருக்குன?”