மூன்று சகலைகளும் பிட்காயின் பெட்டியும்

செங்காட்டுப்புதூரில் அக்கா தங்கைகள் மூவரைக் கட்டிய சகலைகள் மூன்று பேர் உண்டு. மூத்தவர் தெய்வசிகாமணி, நடுவில் பூவலிங்கம், இளையவர் சடையப்பன். மூவரும் நல்லவர்கள், சொன்ன சொல்லை மீறமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

மூவருக்கும் பொதுவாக ஒரு தென்னந்தோப்பு. கிணறு வற்றிவிட்டது. இந்தக் கோடைக்குள் போர் போடாவிட்டால் அத்தனை மரமும் விறகுதான். போருக்கென்று சேர்த்த பணத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் திருமூர்த்தி பிட்காயினாக மாற்றி வைத்திருந்தான். அதைப் பூட்டி வைக்க, விரல் நீளத்தில் ஒரு கருவியைக் கம்பெனியிலிருந்து நேரே இவர்களுக்கு வரவழைத்தான். செய்ய வேண்டியதையெல்லாம் தமிழில் எழுதித் தனியாகத் தபாலிலும் அனுப்பினான். தாளில் உள்ளபடி செய்தால் போதும் என்று போனில் சொன்னான். அவனைக் குறை சொல்லக்கூடாது, ஊரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பெட்டியின் முத்திரை உடைந்திருந்தால் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது தாளின் முதல் வரி. முத்திரை நன்றாகவே இருந்தது. ஆனால் திறந்தால் உடையும், உடைந்தால் பயன்படுத்தக் கூடாது. மத்தியானம் வரை யோசித்துவிட்டு, பூவலிங்கம் அரிவாளால் பெட்டியின் அடிப்பக்கத்தை அறுத்துக் கருவியை வெளியே எடுத்தார். முத்திரைக்கு ஒரு கீறல் இல்லை. அதைப் பெட்டியோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

இரண்டாவது வரி: பூட்டு எண் ஒன்றைப் போடவும், அது யாருக்கும் தெரியக் கூடாது. சடையப்பன் கருவியோடு மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"போட்டாச்சா சகல?" என்றார் தெய்வசிகாமணி.

"போட்டாச்சு. மறந்தும் ஆச்சு."

"ஏன் மறந்தீங்க?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போட்டிருக்குதில்ல. நானும் ஒரு ஆளுதானுங்களே."

தெய்வசிகாமணி தாளை வாங்கி மறுபடி படித்தார். சடையப்பனுக்கு மட்டும் தெரியலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"சரிதான். முழுசா மறந்தீங்களா?"

"மொத எண்ணு மட்டும் லேசா ஞாபகம் இருக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள மறந்துருவேன்."

அடுத்து, கருவி இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களைக் காட்டியது. கருவி கெட்டாலும் எண் மறந்தாலும் இந்தச் சொற்களை வரிசையாகப் போட்டுப் பணத்தை மீட்கலாம் என்று தாள் சொன்னது. தீயும் தண்ணீரும் ஒன்றும் செய்யாதபடி இரும்பில் பொறிக்கவும், யாரிடமும் மொத்தமாகக் காட்டாதீர்கள், ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்றும் இருந்தது.

இரும்பில் பொறிப்பது என்றால் நம் ஊரில் பாத்திரக்கடைதான். இருபத்து நான்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார்கள். ஒரே ஆள் எல்லாச் சொல்லையும் பார்த்துவிடக் கூடாதே என்று, பெயர் வெட்டுகிறவர்கள் எட்டுப் பேரைத் தேடி எட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். கழுதையைக் குறிக்கும் 'டாங்கி' என்ற சொல்லை வெட்டச் சொன்னபோது ஒருவர், இது மாப்பிள்ளை பெயரா பெண் பெயரா என்று விசாரித்தார். பிறகு சடையப்பன் மகள் காதுகுத்துக்கு வந்தவர்களுக்கு அந்த டம்ளர்களையே தாம்பூலத்தோடு கொடுத்தார்கள். வரிசை மாறக்கூடாது என்பதால் தெருவின் முதல் வீட்டுக்கு முதல் சொல், இரண்டாம் வீட்டுக்கு இரண்டாம் சொல். கருவி தயார் என்று தகவல் போனதும் திருமூர்த்தி பணத்தை அதில் சேர்த்தான்.

போர் லாரிக்கு நாள் குறித்தபோதுதான் பூட்டு எண் தேவைப்பட்டது. சடையப்பனுக்கு அது ஞாபகம் வரவில்லை. மூன்று தடவை தப்பாகப் போட்டதும் கருவி எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு, சொற்களைக் கேட்டது.

மூவரும் கருவியோடு முதல் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார்கள். காரணம் சொன்னால் ரகசியம் போய்விடும் அல்லவா? குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பார்த்துச் சொல்லைப் போட்டார்கள். அடுத்த வீட்டிலும் தண்ணீர் கேட்டார்கள். ஒன்பதாவது வீட்டில் தெய்வசிகாமணிக்கு வயிறு உப்பிவிட்டது, பூவலிங்கம் பொறுப்பேற்றார். பதினேழாவது வீட்டில் பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தார்கள். அதில் குடித்தால் தாகம் அடங்காது என்று சடையப்பன் வாதாடி எவர்சில்வருக்கு மாற்றினார். எப்படியோ இருபத்து நான்கு சொல்லும் சேர்ந்து பணம் திரும்ப வந்தது. இம்முறை பூட்டு எண்ணை மூத்தவரின் மனைவி பொன்னாத்தாள் போட்டாள். அதனால் அது பிழைத்தது.

திருச்செங்கோட்டிலிருந்து போர் லாரி தோப்புக்கு வந்து நின்றது. பொன்னாத்தாள் கருவியைத் திறந்து கொடுத்துவிட்டு, லாரிக்காரர்களுக்குச் சமைக்கப் போனாள். மச்சினன் கணக்குக்குப் பணத்தை அனுப்ப வேண்டும், அவன் ரூபாயாக்கி லாரிக்காரருக்குப் போட்டுவிடுவான். பணம் வெளியே போகிறது, சம்மதமா என்று கருவி கேட்டது. யாராவது பணத்தை எடுக்கப் பார்த்தால் உடனே 'வேண்டாம்' என்பதை அழுத்தவும் என்பது தாளின் கடைசி வரி. சடையப்பன் அழுத்திவிட்டார்.

திருமூர்த்தி போனில் வந்தான். ஒரு திருட்டைத் தடுத்துவிட்டோம் என்றார் தெய்வசிகாமணி. அவன் பதறிப்போய், முதலில் கருவியைத் திருடன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்றான்.

"எடுக்கப் பாத்தது யாரு?" என்றார் பூவலிங்கம்.

"போருக்குப் பணம் வேணும்னு கேட்டது யாரு?" என்று திருப்பிக் கேட்டார் தெய்வசிகாமணி.

"நாமதானுங்க," என்றார் சடையப்பன்.

திருடன் யாரென்று மூவருக்கும் புரிந்துவிட்டது.

"பரண்ல வெச்சா?" என்றார் சடையப்பன்.

"எனக்கு எட்டும்," என்றார் பூவலிங்கம்.

"தென்னை உச்சியில?" என்றார் சடையப்பன் மறுபடி.

"உங்களுக்கு எட்டும். மரமேறுறவராச்சே."

பணம் வராவிட்டால் கிளம்புகிறேன், ஆந்திராவில் வேலை இருக்கிறது என்றார் லாரிக்காரர். அது எவ்வளவு தூரம் என்று தெய்வசிகாமணி கேட்டார். ஆயிரம் கிலோமீட்டர் என்றதும் தெய்வசிகாமணியின் முகம் தெளிந்துவிட்டது. கருவியை லாரிக்காரர் கையில் கொடுத்தார். லாரிக்காரர் குழம்பினார், பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். அந்தத் தென்னைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

சோற்றுக் குண்டானோடு வந்த பொன்னாத்தாள், லாரி எங்கே, கருவி எங்கே என்று கேட்டாள். இரண்டும் பத்திரமாக ஆந்திராவுக்குப் போய்விட்டன என்றார்கள்.

"அந்த ஆளு பேரென்ன? வண்டி நம்பராச்சும் பாத்தீங்களா?"

"சடையப்பன் கேக்கத்தான் போனாரு. நாந்தான் வாயைப் பொத்தினேன்," என்றார் தெய்வசிகாமணி. "தெரிஞ்சா நாங்க மூணு பேரும் போய் எடுத்துருவோமில்ல."