நெருக்கித் தைத்த ஓரம்

தைலம்மைக்கு ஐம்பத்தேழு வயது. விருதுநகரில் முப்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவள். கடையை மகளிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த சாத்தப்பச் சாமியின் மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மனம் கலங்கி, சொந்தமென்று யாரும் தேடி வராத பெண்கள் பதினாறு பேரை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டு செய்யணும் சாமி. எப்படின்னு நீங்கதான் சொல்லித் தரணும்."

"உங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"தைக்கத் தெரியும்."

சாமி உள்ளே போய் இரண்டு போர்வைகளை எடுத்து வந்தார். பழைய சேலைகளை அடுக்கி, நெடுக ஓட்டுத்தையல் போட்டவை. நாலு பக்கமும் பிசிறு தொங்கியது.

"இதுக்கு ஓரப்பட்டி வச்சுக் கொடுங்க."

"மிஷின்லயா, கையாலயா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

மூலையில் ஒரு மிஷின் இருந்தது. தைலம்மை அதைத் துடைத்து, எண்ணெய் விட்டாள். துணியைக் குறுக்காக வெட்டிப் பட்டியாக்கி, ஓரத்தைச் சுற்றி மடித்து, மூலைகளைக் கூராகத் திருப்பி அடித்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டும் முடிந்தன. பெண்கள் இருந்த கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் மாலை சாமி இரண்டு போர்வைகளையும் கொண்டுவந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒன்றின் பட்டியை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"இதைப் பிரிக்கவே முடியாது போலிருக்கே."

"முப்பது வருஷக் கை, சாமி."

அப்போதுதான் அவர் வேட்டியில் ரத்தக்கறை இருப்பதைக் கண்டாள். "என்ன சாமி இது?"

"ஒரு அம்மாவுக்குக் கையில காயம். கட்டுப் போட்டேன்."

அவர் பிளேடு எடுத்து மிஷின் தையலை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினார். தைலம்மைக்கு முகம் சிவந்தது. இருட்டும் முன் இரண்டு போர்வைகளையும் அறுத்து முடித்து, அவளிடம் நீட்டினார்.

"கையால தைங்கக்கா."

மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்து ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் இரண்டாவதைத் தைத்து முடித்தபோது, முதலாவது திரும்பி வந்தது. ஓரம் முழுக்கப் பிரிந்திருந்தது. பட்டி தனியாக மடித்து மேலே வைக்கப்பட்டிருந்தது.

"என்ன குறை, சாமி?"

"குறை ஒண்ணுமில்லை. திரும்பத் தைங்க."

அப்படியே நடந்தது. ஒன்று போகும், மற்றது பிரிந்து வரும். சாமிதான் பிரிக்கிறார் என்று அவள் நினைத்தாள். தன் செருக்கை அடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். அடக்கட்டும், பார்க்கலாம். நூலுக்கு மெழுகு தடவினாள். ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டவள் பதினாலு போட்டாள். பிறகு பதினாறு. கண் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. காலையில் போர்வை கூடத்துக்குள் போனதும், பின்னாலேயே போய் ஜன்னல் ஓரம் நின்றாள்.

போர்வையைச் சாமி ஒரு பெண்ணின் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். இசக்கி என்று கூப்பிடுவார்கள் அவளை. ரயிலடியில் கிடந்தவள். பேசமாட்டாள். இரண்டு முழங்கையிலும் கட்டு. கட்டுக்கு மேலும் கீழும் நகத்தால் கீறிய தழும்புகள், பழையதும் இப்போதுதான் ஆறியதுமாக.

இசக்கி போர்வையின் ஓரத்தைத் தடவினாள். மூலையில் முடிச்சைக் கண்டுபிடித்தாள். அதை இழுக்கவில்லை. நகத்தால் மெல்ல, மெல்ல நெகிழ்த்தினாள். ஒரு தையல் விட்டது. நூலை உருவிக்கொண்டு அடுத்த தையலுக்கு வந்தாள். துணி கிழியவில்லை, நூல் அறவில்லை. உருவிய நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே போனாள்.

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த அவள் தோள்கள் அடங்கின. வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் கடையில் எத்தனையோ பேர் வேலை பழகியதைத் தைலம்மை பார்த்திருக்கிறாள். இத்தனை கவனத்தை யார் கையிலும் பார்த்ததில்லை.

வெயில் தலைக்கு மேல் வந்தது. தைலம்மை சாப்பிடப் போகவில்லை. கடைசித் தையலும் விட்டபின், இசக்கி பட்டியை நாலாக மடித்துப் போர்வையின் மேல் வைத்தாள். சுருங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். கைகள் இரண்டும் விரிந்து, சும்மா கிடந்தன.

தான் மிஷினில் அடித்துக் கொடுத்த அன்று, அந்தக் கைகள் எங்கே போயிருக்கும் என்று தைலம்மைக்கு இப்போது தெரிந்தது.

சாமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள்.

"நான் வர்றதுக்கு முன்னால யார் தைச்சது, சாமி?"

"நான்தான். ஒன்பது வருஷமா."

"காட்டுங்க, பார்ப்போம்."

அவர் சிரித்தார். "என் தையலா? ஒரு மணி நேரத்துல பிரிச்சு முடிச்சிருவா. அப்புறம் அந்தக் கை சும்மா இருக்காது. நான் பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுக்குவேன்."

"இப்ப?"

"இப்ப உச்சி வரைக்கும் பிரிக்கிறா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தூங்குறா. இந்த ஒரு வாரமா புதுக் காயம் இல்லை."

தைலம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த முதல் நாளே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி? உங்களை எவ்வளவு திட்டிக்கிட்டே தைச்சேன் தெரியுமா?"

சாமி துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"பிரிக்கிறதுக்குத்தான்னு சொல்லியிருந்தா, நீங்க லேசாத் தைச்சிருப்பீங்கக்கா."