ஏரி அழுத நாள்

வேங்கைக் காட்டு ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. ஆபத்து வந்தால் கத்த வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. ஆனால் போன மழைக்காலத்தில் கரை உடைந்தபோது ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கரைக்குக் கீழே வளைகளில் கிடந்த குட்டிகள் பல வெள்ளத்தோடு போயின. அதற்குப் பிறகு 'மாவீரர்கள், மாவீரர்கள்' என்று கத்த ஆரம்பித்தவைதான், அப்பப்பா, இன்னும் நிறுத்தவில்லை!

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நினைவு நாள் காலையில் மூன்று ஆள்காட்டிகள் ஒரு கீரியின் வளை வாசலில் வந்து இறங்கின. அந்த வெள்ளத்தில் தலைச்சன் குட்டியைப் பறிகொடுத்தவள் அவள். இப்போது கண் திறந்தும் திறக்காத இரண்டு குட்டிகள் அவள் மடியில் கிடந்தன.

"காட்டுக்காக இன்னுயிர் ஈந்த மாவீரனின் தாயே! இந்த வேளையில் எப்படி உணர்கிறீர்கள்?"

கீரி திருதிருவென்று விழித்தாள். "யாரு, என் பையனா? அவன் உயிரை ஒண்ணும் கொடுக்கலையே! தூங்கிட்டுல்ல இருந்தான். தண்ணி வந்து எடுத்துக்கிச்சு."

"ஐயையோ, அப்படிச் சொல்லக் கூடாதும்மா! நெஞ்சை நிமிர்த்தி வெள்ளத்தை எதிர்கொண்டான் என்று சொல்லுங்கள். காடே கேட்டுக்கொண்டிருக்கிறது!"

"அவன் தவளையைக் கண்டாலே என் வாலுக்கடியில ஒளிஞ்சுக்குவானே..."

யார் காதில் விழுந்தது? "வீரத்தாய் கண் கலங்கினார்! வீரத்தாய் கண் கலங்கினார்!" என்று கத்திக்கொண்டே பறந்துவிட்டன. கீரி தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. 'நான் அழுதேனா? அழுதிருக்கணுமோ?' பாவம், அவளுக்கே குழப்பமாகிவிட்டது.

அவள் கவலையே வேறு. போன தடவை கரை உடைந்தது ஒரு நண்டு வளையால். நண்டு குடைந்த பொந்தில் தண்ணீர் கசிந்து, கசிவு பெருத்து, கரையே சரிந்தது. இப்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பொந்து கசிய ஆரம்பித்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவள் வளை. மேட்டுக்குக் குடிபோகலாம் என்றால், மேட்டையெல்லாம் நினைவு நாள் விழாவுக்கு வரும் விருந்தாளிகளுக்கென்று வளைத்துப் போட்டுவிட்டார்கள்!

குட்டிகளை உள்ளே விட்டுவிட்டு அவள் கரைமேல் ஏறினாள். ஆள்காட்டிகளின் பெரியவர் அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அங்க தண்ணி கசியுது. ஒரு வாய் களிமண் வச்சு அடைச்சிரலாமா?"

"இன்று கேள்வி கேட்கும் நாள் அல்ல! பெருமைப்படும் நாள்!"

"நேத்தும் வந்து கேட்டேனே?"

"நேற்று ஏற்பாட்டு வேலை!"

"அப்ப நாளைக்கு?"

"நாளை ஓய்வு! இந்தப் புனித நாளில் வந்து குறை சொல்கிறாயே, நீ எந்தக் காட்டுக்காரி?"

கீரி பிறந்தது இந்தக் கரையடியில்தான். ஆனாலும் ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதற்குள் விழா தொடங்கிவிட்டது. போன வருஷம் உடைந்து, பிறகு மண் கொட்டி மூடிய இடத்திலேயே எல்லோரும் நின்று, ஒரே நேரத்தில் காலை ஓங்கி உதைத்து, மண்ணுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமாம். எந்தப் புண்ணியவானின் யோசனையோ! முன்னால் கொம்பன் யானை ராஜா. பின்னால் காட்டெருமை, பன்றி, மான், குரங்கு எல்லாம்.

"மண்ணே வணக்கம்!" தொம்! "மண்ணே வணக்கம்!" தொம்!

எல்லோர் கண்ணிலும் தாரை தாரையாக நீர். பக்கத்துக் குரங்கிடம் கீரி கேட்டாள்: "யாருக்காக அழறீங்கண்ணே?"

"தெரியலம்மா. எல்லாரும் அழுதாங்க, எனக்கும் பொங்கிருச்சு."

பார்த்தால் அவள் காலும் தாளம் தப்பாமல் உதைத்துக்கொண்டிருந்தது! அவள் சட்டென்று காலை நிறுத்தினாள். அதே நேரம் நண்டுப் பொந்திலிருந்து தண்ணீர் பீறிட்டது.

"ஆகா, பாருங்கள்!" என்று கூவினார் ஆள்காட்டிப் பெரியவர். "மாவீரர்களுக்காக ஏரித்தாயே கண்ணீர் விடுகிறாள்!"

கூட்டம் விம்மியது. இன்னும் பலமாக உதைத்தது. தொம்! தொம்!

"அது கண்ணீர் இல்ல, தண்ணி! கீழ என் பிள்ளைங்க இருக்கு!" என்று கீரி அலறினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பாய்ந்து போய் ராஜாவின் கால் நகக்கண்ணில் நறுக்கென்று கடித்தாள்.

"ஐயோ!" ராஜா துள்ளினார். ஈரக் கரையில் கால் வழுக்கியது. சர்ரென்று சறுக்கி, பீறிட்ட பொந்தின்மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் நின்றது.

"வரலாறு காணாத தியாகம்! தன் உடலையே அணையாக்கினார் ராஜா!" என்று மேலே ஆள்காட்டிகள் ஆர்ப்பரித்தன.

"தியாகமா? வழுக்கி விழுந்தேன்டா!" என்றார் ராஜா. யாரும் கேட்பதாக இல்லை. அவர் கீரியைப் பார்த்து விழித்தார். "நான் தியாகமா பண்ணினேன்?"

"காலையில எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ராஜா."

ராஜாவால் அசைய முடியவில்லை. எழுந்தால் கரை போய்விடும். தலைக்கு மேலே வாழ்த்துப் பாட்டு நடந்துகொண்டிருக்க, கீரி வாய் வாயாகக் களிமண் கொண்டுவந்து அவர் பின்னால் திணித்தாள். பன்றிகள் இரண்டு வெட்கப்பட்டுக்கொண்டு கைகொடுத்தன. பொந்து இறுகியது. அதற்குள் பாட்டும் முடிந்து ஆள்காட்டிகள் பறந்துபோயிருந்தன. குட்டிகள் கீழே நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

மெல்ல எழுந்த ராஜா கேட்டார்: "தாயி, போன உன் பிள்ளைக்கு என்ன பேரு?"

வருஷம் முழுக்க மாவீரன், மாவீரன் என்று கூவினார்களே, ஒருவராவது அதைக் கேட்டார்களா?

"மொச்சை," என்றாள் கீரி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதைப் பார்க்க அங்கே ஓர் ஆள்காட்டியும் இல்லை.

செத்தவரை வீரர் என்று ஊரெல்லாம் கூவுவதைவிட, அவர் சாகக் காரணமான ஓட்டையை அடைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.