புத்தர் எதுக்குச் சிரிக்கிறார்?

சொர்ணம் ஆன்ட்டி வீட்டு மாடியில வாடகைக்கு இருந்து படிக்கிறவ இளவெயினி. ஆன்ட்டி கூப்பிட்டு, ஃபெங் சுயின்ற சீன வாஸ்து நிபுணர் பரந்தாமன் வந்தாரு, வீட்டை மோப்பம் பிடிச்சாரு.

"கெட்ட சக்தியே இந்தப் பொண்ணுதாம்மா! இன்னிக்கே காலி பண்ண வைங்க."

நாளைக்குப் பரீட்சை. எங்க போவா அவ?

"சார், வாசலைப் பாத்து அந்தச் சிரிக்கும் புத்தர் பொம்மை எதுக்கு?"ன்னு கேட்டா இளவெயினி.

"போன வருஷம் நான் வச்சது. கெட்ட சக்தி எதுவும் அவரைத் தாண்டி உள்ள வராது!"

"நான் போன மாசம்தான் பெட்டியோட அவர் முன்னாடியே உள்ள வந்தேன். நான் கெட்ட சக்தின்னா உங்க பொம்மை டுபாக்கூர். பொம்மை நிஜம்னா நான் நல்ல சக்தி. எதுன்னு ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க."

பரந்தாமன் செருப்பைத் தேடி மாட்டினாரு. "பொண்ணு... இருக்கட்டும்மா."

காசு குடுத்து வாங்கி வச்ச புத்தர் இத்தனை நாளா யாரைப் பாத்துச் சிரிச்சாருன்னு ஆன்ட்டிக்கு அப்பத்தான் புரிஞ்சுது.