பத்தொன்பதாம் எண் படகின் பெயர்

கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு அசடு வழிந்தவர்கள் நிறையப் பேர்.

கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆலாங்குட்டை என்றொரு நீர்நிலை. விடிகாலையில் மலையிலிருந்து இறங்கும் பனி, தண்ணீர் மேல் படுத்துக்கொண்டு எழ மனமில்லாமல் கிடக்கும். மாதம் ஒரு ஞாயிறு அங்கே ரிமோட் படகுப் பந்தயம். ஒரு கை நீளப் படகுதான், ஆனால் வேகம் பிடித்தால் வயிறு தண்ணீரில் படாது. பின்னால் புரொப்பல்லர் பாதி நீரிலும் பாதி காற்றிலுமாகச் சுழல, ஆளுயரத்துக்கு வெண்ணிறத் தோகை எழும். பார்ப்பவருக்குத் தாம் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

அங்கே ஒரு வழக்கம். இறுதிப் பந்தயத்தை வெல்லாத படகுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வென்ற அன்றே கரையில் வைத்துப் பெயர் எழுத வேண்டும். பெரும்பாலும் யாருடைய மனைவியாவது மகளாவது அப்படித் தண்ணீரில் பறப்பாள்.

பத்தொன்பதாம் எண் படகு மூன்று பேருடையது. ஃபவுண்டரியில் மர அச்சு செய்யும் சென்னியப்பன் படகின் உடலைக் கட்டினார். தகரப் பட்டறை முகுந்தன், வலப்பக்க மிதவையோரம் ஃபின் என்னும் மெல்லிய தகட்டைப் பொருத்தினான். பந்தயத்தில் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம்தான். அந்தத் தகடு தண்ணீரைக் கவ்விப் பிடித்தால்தான் படகு வழுக்காமல் திரும்பும். ரிமோட்டும் அவன் கையில்தான். புரொப்பல்லர் பூங்கோதையின் வேலை.

பூங்கோதை பம்பு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மெருகு போடுகிறவள். அவள் கை பட்டுப் பளபளத்த சாமான்கள் கம்பெனி முத்திரையோடு ஊர் ஊராகப் போயின. எதிலும் அவள் பெயர் இல்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு. படகு வென்றால் அதில் தன் பெயரையே எழுதிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"எந்தக் கை ஜெயிக்க வெச்சுதோ, அந்தக் கையே பேரெழுதட்டும்," என்றார் சென்னியப்பன் முதல் நாளே. மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் பூங்கோதை ஒரே புரொப்பல்லரை அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்தாள். வெண்கலம், இரண்டே இறக்கை. ஊசியில் கோத்து எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் அசையாமல் நிற்கும், இரண்டும் அவ்வளவு சம எடை. கண்ணை மூடினால் அது தனக்குள் மெல்லச் சுழல்வதுபோல அவளுக்குத் தோன்றும்.

பந்தய நாள் வந்தது. காலைச் சுற்றில் அந்தப் புரொப்பல்லர் படகை அம்பாய்ச் செலுத்தியது. நேர்ப்பாதையில் நாலாம் எண் படகை ஒன்றரைப் படகு நீளம் முந்தியது. ஆனால் திருப்பத்துக்கு வந்ததும் அந்த வேகத்துக்குத் தகடு ஈடுகொடுக்கவில்லை. படகு வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று. முகுந்தன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். குறைத்தால் மறுபடி வேகமெடுக்க நேரம் பிடித்தது. நாலாம் எண் வென்றது. இரண்டாவதாக வந்த பத்தொன்பதுக்கு இறுதிப் பந்தயத்தில் இடம் மட்டும் கிடைத்தது.

காலைச் சுற்று முடிந்தால் நடுவர் படகின் உடலிலும் ஃபின்னிலும் சீட்டு ஒட்டிவிடுவார். அதற்குப் பின் அவற்றைத் தொடக் கூடாது. புரொப்பல்லரை மட்டும் மாற்றலாம், மிதக்கும் கட்டையில் அடிபட்டு இறக்கை வளைவது சகஜம் என்பதால்.

மதியம் மற்றவர்கள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது பூங்கோதை படகின் அருகே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் புரொப்பல்லரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். கடையில் வாங்கிய சின்ன புரொப்பல்லர் ஒன்று கிடந்தது. அதை மாட்டினாள்.

முகுந்தன் பதறிப்போனான். "ஏனுங்க்கா, இது ஓடவே ஓடாதுங்க."

"மெதுவாத்தான் ஓடும். வழுக்காதில்ல? உடுங்க, பாத்துக்கலாம்."

இறுதிப் பந்தயம். நேர்ப்பாதைகளில் நாலாம் எண்தான் முன்னே போயிற்று. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பத்தொன்பது, கயிறு கட்டி இழுத்ததுபோல திருப்பத்தைக் காட்டும் மிதப்புக் குண்டை ஒட்டி உள்வட்டத்தில் வளைந்தது. மலைக்குப் பின்னால் வெயில் சாய, இரண்டு தோகைகளும் பொன்னிறமாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. எது எந்தப் படகென்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. கடைசித் திருப்பத்தில் பத்தொன்பது முந்தி, அரைப் படகு நீளத்தில் வென்றது.

பெயிண்ட் டப்பா கரைக்கு வந்தது. பேச்சும் வந்தது.

"ரெண்டு பந்தயத்துலயும் ஒரு விரிசல் உழுந்துச்சா? எம் மக பேருதான்," என்றார் சென்னியப்பன்.

"முந்துனதெல்லாம் திருப்பத்துலீங்ணா. திருப்பத்துல வேலை செய்யறது ஃபின்னுதானுங்க," என்றான் முகுந்தன். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணின் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டான், எழுதத் தயாராக இருந்தான்.

பூங்கோதை பெட்டியைப் பார்த்தாள். "நான் செஞ்சது இங்க கெடக்குது. ஓடுனது கடைச்சாமான். நான் என்னன்னு கேக்கறது?"

உடலைக் கட்டியவர் ஒருவர். திருப்பங்களில் காத்த தகடு ஒருவனுடையது. தன் வேலையைப் பெட்டியில் வைத்தவள் ஒருத்தி. போட்ட ஒப்பந்தப்படி, படகில் பெயர் எழுதும் உரிமை யாருக்கு? சொல்லுங்கள்.

விடை: பூங்கோதைக்கு. காலையில் தோற்றதும் இதே உடல், இதே ஃபின். சீட்டு ஒட்டிய பின் அவற்றில் எதுவும் மாறவில்லை. ஓட்டியவனும் அதே முகுந்தன். தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவே நடந்தது ஒன்றே ஒன்று, பூங்கோதையின் கை ஒரு புரொப்பல்லரைக் கழற்றி இன்னொன்றை மாட்டியது. ஒப்பந்தம் கேட்டதும் கையைத்தான். அந்தக் கை செய்த பொருளை அல்ல. நடுவர் இதைச் சொன்னபோது முகுந்தன்தான் முதலில் பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான். அவள் குனிந்து தன் பெயரை எழுதினாள். மூன்றாம் எழுத்தான ‘கோ’ கொஞ்சம் கோணலாகிவிட்டது. அழித்து எழுதச் சொன்னார்கள், அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.