செவ்வாய்க்காரர்களின் மீசை

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூத்தன்பாறை ஜமீன்தாருக்கு நேர்கோட்டில் ஒரு கால்வாய் வெட்ட ஆசை. குறுக்கே ஒச்சம்மாவின் வயல் கிடந்தது. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். அரண்மனைப் படங்களுக்குத் தூசி தட்டுவது அவள் வேலை.

ஆஸ்தான சோதிடர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். "மகாராஜா! செவ்வாய்ல மனுஷங்க இருக்காங்க. நேர்கோட்டுல கால்வாய் வெட்டுறாங்க!" ஜமீன்தார் அதைப் படமாகவும் வரைய வைத்தார்.

வயலுக்காகக் கும்பிட்டு நின்றவளிடம் ஜமீன்தார் சொன்னார்: "பாத்தியா ஒச்சம்மா? வானத்துலயே வெட்டுறான்! அது பொய்னு நிரூபிச்சுக் காட்டு, உன் வயலத் தொடல."

ஒச்சம்மா உள்ளே போய் இரண்டு பழைய படங்களைத் தூக்கி வந்தாள். பட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் செவ்வாய்க்காரர்களை வரைய வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

"சாமி, சண்டைக்குப் போன உங்க தாத்தா காலத்துல இவங்க கையில ஈட்டி. கோயில் கட்டின உங்க அப்பா காலத்துல இவங்களும் கோபுரம் கட்டுறாங்க. இப்ப மம்பட்டி பிடிக்கிறாங்க. மீசையப் பாருங்க. தாத்தா படத்துல தாத்தா மீசை, அப்பா படத்துல அப்பா மீசை, இதுல உங்க மீசை."

ஜமீன்தாரின் கை தானாக மீசைக்குப் போனது. சோதிடர் தொலைநோக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்ப அங்க யாருமே இல்லையா?"

"இருக்கலாம் சாமி, யாரு கண்டா? நாம இன்னும் அவங்களப் பாக்கல. நம்மளையேதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

வயல் பிழைத்தது. புதுப் படத்தை எடுத்துவிட்டு வெறும் சட்டத்தை மாட்டச் சொன்னார் ஜமீன்தார். ஒச்சம்மா அதற்கும் தினம் தூசி தட்டினாள்.